இரண்டாவது பெரிய வெள்ளி

மலைக்கோயிலுக்குப் போகும் யோசனையை டொலறஸின் தலைக்குள் போட்டவள், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சந்திரவதனா. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவக்காரிதான். ஆனால் சாமி விஷயத்தில் அவள் வேற்றுமை பாராட்ட மாட்டாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். "தோர்ண்டன் ஹீத் தாண்டி ஒரு குன்று இருக்கக்கா. அதிலை ஒரு பழைய கோயில். உள்ளுக்கை ஒரு கறுத்த மாதா. கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டா. என்ர மகளின்ர விசாவே அங்கை கேட்டுத்தான் சரிவந்தது" என்று பருப்பு நிறுத்தபடியே சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கத்தரிக்காய் நிறுக்கப் போய்விட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவளுக்கு என்ன கவலை? அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வால்தம்ஸ்டோ வீட்டுக்கு வந்த டொலறஸோடு மாரடிக்க வேண்டியவள் அருள்மலர் அல்லவா.

டொலறஸ், அருள்மலரின் கணவன் கஸ்பரின் அக்கா. அந்த ஒரு உறவென்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அருள்மலரின் ஒரே அண்ணன் எட்வேட்டின் மனைவியும் அவளேதான். மன்னார்ப் பேசாலையில் ஒரே நாளில், ஒரே கோயிலில் நடந்த மாற்றுக் கலியாணம். அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கு, இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்கு. எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் மச்சாள். ஓடித் தப்ப ஒரு பக்கமும் இல்லை.

எட்வேட் எண்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில் இன்னும் இரண்டு பேரோடு படகில் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. கரையில் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. மற்ற இரண்டு வீடுகளிலும் அழுதார்கள், கறுப்புக் கட்டினார்கள், செத்தவர்களுக்கு வைக்கிற இளைப்பாற்றிப் பூசையும் வைத்தார்கள். டொலறஸ் மட்டும் மாட்டேன் என்றாள். "பிரேதத்தைக் காட்டுங்கோ, அழுறன்" என்றாள். அக்காவைத் தனியே விடக்கூடாது என்று கஸ்பர் அலைந்து திரிந்து அவளை லண்டனுக்குக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே வந்தும் அவள் சனிக்கிழமை தவறாமல் எட்வேட் இடுப்பில் கட்டிய சாரத்தைத் தோய்த்து அயர்ன் பண்ணி மடித்து வைக்கிறாள். பின்னேரங்களில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடக்கூடாது. அவர் எங்கேயாவது ஒரு சிறையில் மறியலில் இருந்து எடுத்தால் லைன் கிடைக்க வேண்டுமாம். அருள்மலர் தன் ஆஸ்பத்திரி வேலைக்குச் சுகவீனம் என்று சொல்லக்கூட ரோட்டில் உள்ள போன் பெட்டிக்குத்தான் ஓட வேண்டும். தன் வீட்டில், தன் காசில், தன் ரெலிபோன்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அருள்மலர், அந்தச் சித்திரையில் ஒரு முடிவுக்கு வந்தாள். பங்குச் சுவாமியாரோடு கதைத்து, வருகிற சனிக்கிழமை எட்வேட்டுக்கு இளைப்பாற்றிப் பூசை என்று ஒழுங்கு செய்தாள். கோயில் மண்டபத்தைப் பிடித்தாள். சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னாள். எத்தனை றோல்ஸ், எத்தனை கேக் துண்டு, யார் தேத்தண்ணி போடுவது என்று எல்லாம் முடித்தாள். எடுத்த காரியத்தை முடிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் மச்சாளிடம் சொன்னாள்.

டொலறஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "உயிரோடை இருக்கிற மனுசனுக்குச் சாப்பூசை வைக்கிற நீயும் ஒரு தங்கச்சியோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.  மூன்றாம் நாள் மலைமாதாவின் கதையோடு வந்தாள்.

"நான் போய் மாதாவிட்டைக் கேக்கிறன். அவர் இல்லையெண்டு அவ சொன்னால் நீ பூசையை வை. சொல்லாட்டி மண்டபத்துக்குக் குடுத்த காசைத் திருப்பி வாங்கு."

"மாதா எப்பிடி மச்சாள் சொல்லுவா? போனிலையோ?"

"அது எனக்கும் அவவுக்கும் இடையிலை உள்ள கதை. நீ கூட்டிக்கொண்டு போ. அது காணும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவளிடம் என்ன கதைக்க ஏலும்? அருள்மலர் தன் வெள்ளிக்கிழமை ஷிப்டை ஒரு ஜமேக்காக்காரியிடம் கெஞ்சி மாற்றினாள். வெள்ளி காலையில் எழும்பி வந்து பார்த்தால், குசினியில் டொலறஸ் ஒரு பெரிய டப்பா நிறைய மட்டன் றோல்ஸ் பொரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உதென்னத்துக்கு?"

"திருத்தலத்துக்குப் போறதெண்டால் வெறுங்கையோடை போறதோ? பாஸ்குக் காலமெல்லே. கோயிலடியிலை இருந்து நாலு பேருக்குக் குடுத்துச் சாப்பிட வேணும்."

அது சரிதான். உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நாற்பது நாள் இறைச்சியைத் தொடாமல் கிடந்த வயிறுகளுக்கு அது கொண்டாட்ட காலம். மடுக் கோயிலென்றாலும் தலைவில் கோயிலென்றாலும் பானை சட்டியோடு போய் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டால்தான் அவர்கள் ஊர்ச் சனத்துக்குத் திருவிழா திருவிழாவாக இருக்கும். ஆனால் அந்த டப்பாவைத் தூக்கப் போவது யார்? டொலறஸுக்கு இடுப்பு நோவு. ஆகவே நிலத்தடி ரெயிலில் விக்ரோறியா வரைக்கும், அங்கிருந்து தோர்ண்டன் ஹீத் வரைக்கும், பிறகு பஸ்ஸிலும் டப்பா அருள்மலரின் மடியிலேயே இருந்தது. ரெயில் முழுக்கக் கறி வாசம். எதிரே இருந்த வெள்ளைக்காரன் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். டொலறஸ் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்காமல் இரண்டு றோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டு, விரல்களைக் கைலேஞ்சியில் துடைத்தாள்.

"ஒண்டு சாப்பிடன், மலர்."

"எனக்குப் பசியில்லை."

"உனக்கு எப்பதான் பசிச்சது?" என்றாள் டொலறஸ்.

பஸ்ஸால் இறங்கியபின் மலை. லண்டனில் மலை என்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் அது மலைதான். இரண்டு பக்கமும் வீடுகள் முடிந்து, புல்லும் சேறுமாக நேரே மேலே ஏறியது. பாதித் தூரத்தில் ஒரு பலகை நின்றது. குன்றைச் சுற்றியிருக்கும் மண் வரம்பு ரோமர் வருவதற்கு முன்பே ஆட்கள் காவலுக்குக் கட்டியது என்றும், உச்சியிலிருக்கும் கோயில் எழுநூறு வருஷம் பழையது என்றும், கும்பிட ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததைச் சைப்பிரஸிலிருந்து வந்த கிரேக்கச் சனம் எடுத்துத் திருத்தியது என்றும் அதில் எழுதியிருந்தது. அருள்மலர் வாசித்துச் சொன்னாள்.

"அப்ப எங்கட வேதம் இல்லையோ?" என்றாள் டொலறஸ், மூச்சு வாங்கியபடி.

"கிரேக்கர். ஓர்த்தடொக்ஸ். மாதாவும் யேசுவும் அவையளுக்கும் இருக்கினம். பாப்பரசர்தான் இல்லை."

"மாதா இருந்தால் காணும்" என்று டொலறஸ் மேலே ஏறினாள். இடுப்பு நோவுக்காரி, தூக்க ஒன்றுமில்லாதபடியால் முன்னுக்குப் போய்விட்டாள். டப்பாவோடு வந்த அருள்மலரின் சப்பாத்து சேற்றில் புதைந்தது. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் புதைந்தது. கஸ்பர் இந்த நேரம் வீட்டில் போர்த்துக்கொண்டு நித்திரை கொள்வான். அவன் அக்கா, அவன் பொறுப்பு. ஆனால் அவன் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை முடித்து வந்தவனாம், களைத்துப் போனானாம். அவள் மட்டும் இரும்பில் செய்த மனுஷி.

கோயில் கருங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். வாசலில் நின்றே ஏதோ பிழை என்று அருள்மலருக்குத் தெரிந்துவிட்டது. பாஸ்குக் காலத்துக் கோயிலா இது? உள்ளே ஒரே இருட்டு. படங்களைச் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கியது. பெண்களெல்லாம் தலையிலிருந்து கால் வரைக்கும் கறுப்பு. நடுவில் நான்கு காலில் உயரமாக ஒரு மரக் கூடாரம். கூரையும் தூணும் தெரியாமல் அதை வெள்ளையும் சிவப்புமாகப் பூக்களால் மூடியிருந்தார்கள். டொலறஸ் அதைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"மலர், இது ஆசந்தி."

ஆசந்திதான். பெரிய வெள்ளியன்று யேசுவின் பிரேதத்தைக் கிடத்தித் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற பாடை. பேசாலையில் பிறந்த எவருக்கும் அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாசலில் நின்ற ஒரு கிரேக்கப் பெண்ணிடம் அருள்மலர் இங்கிலீஷில் விசாரித்தாள். மரூலா என்ற அந்த மனுஷி, பூக் காம்புகளைக் கூட்டி அள்ளியபடி, இன்றைக்குப் பெரிய வெள்ளி என்றாள்.

"இல்லையே, அது போன மாதம் முடிந்துவிட்டதே."

"உங்களுக்கு முடிந்திருக்கும். எங்களுக்கு இன்றைக்குத்தான்" என்றாள் மரூலா, மிகப் பொறுமையாக. அவர்களுடைய கணக்கு வேறு. சில வருஷம் ஒன்றாக வரும், சில வருஷம் ஒரு மாதம் பிந்தும்.

இதைத் தமிழில் கேட்டதும் டொலறஸின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. மாதாவையும் மறந்தாள், கணவனையும் மறந்தாள்.

"ஐயோ மலர், நான் பெரிய வெள்ளியிலை இறைச்சி திண்டிட்டன்!"

"எங்கட பெரிய வெள்ளி முடிஞ்சுது மச்சாள். ஒண்டும் இல்லை."

"யேசு அங்கை செத்துக் கிடக்கிறார், நீ முடிஞ்சுதெண்டு சொல்லுறாய்!"

"அவர் வருசத்துக்கு எத்தினை தரம் சாகிறது?" அருள்மலருக்குப் பொறுமை போய்விட்டது. "மார்கழியிலை பிறக்கிறார், பங்குனியிலை செத்தவர், அதையும் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து பாத்தனான். இப்ப திருப்பியும் சித்திரையிலை செத்தால் நான் என்ன செய்ய?"

மரூலாவின் மூக்கு டப்பாவின் பக்கம் திரும்பியது. அது என்ன என்று கேட்டாள். மரக்கறி என்றாள் அருள்மலர், கோயில் வாசலில் நின்றுகொண்டு, கண்ணிமைக்காமல். டொலறஸுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கேள்வி விளங்கிவிட்டது. "மட்டன், மட்டன்" என்றாள், நெஞ்சில் அடித்துப் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி. மரூலா சிலுவை போட்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். ஞாயிற்றுக்கிழமை தாங்களும் ஆடுதான் என்றும், அதுவரைக்கும் அதை வெளியே வைத்தால் நல்லது என்றும் சொன்னாள். அருள்மலர் டப்பாவைக் கொண்டுபோய் வெளியே மதில்மேல் வைத்தாள். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது டொலறஸ் கறுத்த மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். கை இரண்டையும் விரித்து, முந்தானையை நீட்டியபடி, உதடு மட்டும் அசைந்தது. ஊரில் கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தாள். அருள்மலர் கொஞ்ச நேரம் நின்றாள். கால் நொந்தது. மதியம் திரும்பிவிட்டது. இப்போது வெளிக்கிட்டால்தான் பின்னேரம் வீட்டில் சோறு. மாதா சொல்லத்தான் போகிறாளா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று அவளுக்கு மாதாவிலும் கோபம் வந்தது.

இப்படி நின்ற இடம்தான் பிழையாகிவிட்டது. அவள் நின்றது ஒரு வரிசையில். முன்னால் நின்ற கிழவி நகர்ந்தாள், பின்னால் நின்ற குடும்பம் தள்ளியது. விலகப் பார்த்தால் இரண்டு பக்கமும் உட்காருகிற மர வாங்குகள். வரிசை ஆசந்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக நடுவில் கிடந்த துணியில் வரைந்திருந்த யேசுவின் காலை முத்தமிட்டு, பிறகு குனிந்து ஆசந்தியின் அடியால் நுழைந்து மற்றப் பக்கம் வெளியே வந்தார்கள். அப்படிச் செய்தால் ஆசீர்வாதமாம். அருள்மலரும் முத்தமிட்டாள், வேறு வழியில்லாமல். டக்கென்று நுழைந்து அந்தப் பக்கத்தால் போய்விடலாம் என்று குனிந்தாள்.

உள்ளே நுழைந்தவள் வெளியே வரவில்லை.

பூவின் வாசமும் மெழுகின் வாசமும் தலைக்கு மேல் அடைத்து நின்றன. தோள் வைக்கிற மரம் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. இரண்டு புறமும் நீட்டிக்கொண்டிருக்கிற நீளமான மரம். பேசாலையில் அந்த மரத்தின் முன் மூலை எட்வேட்டினுடையது. ஊரில் அவரைவிட உயரமான ஆள் இல்லாதபடியால், ஆசந்தி என்றாலும் அண்ணைதான், எவர் வீட்டுப் பிரேதப் பெட்டி என்றாலும் அண்ணைதான். "எட்வேட்டைக் கூப்பிடுங்கோ" என்று ஆள் வரும். தோள் கன்றிச் சிவந்துபோய் வந்து, சட்டையைக் கழற்றிப்போட்டுச் சோறு கேட்பார். ஊரிலுள்ள அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு போய்ச் சவக்காலையில் வைத்தவர். அவரை ஒருவரும் தூக்கவில்லை.

நாலு வருஷமாக இந்த நினைவு அவளுக்கு வந்ததில்லை. வர அவள் இடம் கொடுக்கவில்லை. ஷிப்ட் இருந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருந்தது, மச்சாளின் கிறுக்கு இருந்தது. மச்சாள் மேல் எரிந்து விழுவதற்கே நேரம் சரியாகிவிட்டது.

"அண்ணை" என்றாள் அருள்மலர். அதைத் தான் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது அது கத்தலாக வந்தது. "அண்ணை! என்ர அண்ணை! உங்களை ஒருத்தரும் தூக்கேல்லையே!" அதற்குப் பிறகு நிறுத்த ஏலவில்லை. முழங்காலில் விழுந்து, நெற்றியை நிலத்தில் வைத்து அழுதாள். வரிசை நின்றுவிட்டது. கிரேக்கச் சனம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் உஸ் என்று அடக்கவில்லை.

யாரோ குனிந்து நுழைகிற சத்தம் கேட்டது. டொலறஸ். இடுப்பு நோவோடு தவழ்ந்து வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எழும்பு பிள்ளை. சனம் நிக்குது."

"ஏலாது மச்சாள்."

டொலறஸ் அவளுடைய முதுகைத் தடவினாள். "அழு. நல்லா அழு" என்றாள். "இவ்வளவு காலமும் உன்னைப் பாத்துக்கொண்டிருந்தனான். செய்தி வந்த நேரமும் அழேல்லையெண்டு கஸ்பர் எழுதினவன். நான் வந்து இறங்கின நேரமும் நீ அழேல்லை. பூசையெண்டாய், மண்டபமெண்டாய், றோல்ஸ் எத்தினையெண்டு கேட்டாய். கூடப் பிறந்தவளே அழாத மனுசனை, நான் என்னெண்டு செத்தவர் எண்டு சொல்லுறது? எல்லாரும் அவரை முடிச்சுவிடத்தான் நிண்டனியள். ஒருத்தரும் அவருக்காக அழ நிக்கேல்லை."

அருள்மலருக்கு இப்போது மச்சாள்மேல் கோபம்கூட இல்லை. அழுகை மட்டும்தான் இருந்தது.

"மாதா என்ன சொன்னவ?" என்று விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு உன்ர சத்தம்தான் கேட்டது."

பூச்சரத்தை விலக்கிக்கொண்டு மரூலா எட்டிப் பார்த்தாள். சுகமில்லையா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபின் குரலைத் தாழ்த்தி, யார் இறந்தது என்று கேட்டாள்.

அருள்மலர் வாயைத் திறந்தாள். டொக்டரிடம், கவுன்சிலில், காஸ்காரனிடம், எங்கே போனாலும் மச்சாளுக்காக இங்கிலீஷ் பேசியது அவள்தான். இப்போது ஒரு சொல் வரவில்லை. மரூலா காத்திருந்தாள். பின்னால் வரிசையும் காத்திருந்தது.

டொலறஸ் தலைச் சேலையைச் சரியாக இழுத்துவிட்டாள். தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மரூலாவை நேரே பார்த்தாள்.

"ஹெர் பிரதர்" என்றாள், அருள்மலரைத் தொட்டு. பிறகு தன் நெஞ்சில் கையை வைத்தாள். "மை ஹஸ்பண்ட்."

அத்தோடு நிற்கவில்லை. நாலு வருஷமாக அவள் சொல்ல மறுத்த, எவரும் அவள் வாயால் கேட்டிராத அந்த மற்றச் சொல்லையும், அந்நிய மொழியில், சத்தமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அருள்மலரின் தோளில் முகத்தை வைத்தாள்.